சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

[திரையில்: தட்டையான உலக வரைபடம், அப்புறம் உலக உருண்டை]

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு கோடு போடச் சொன்னால், வரைபடத்தில் குறுக்காக இழுத்துவிடுவோம். அதை விடுங்கள். ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் நேராக வடக்கே ஏறும். வட துருவத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கும். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட எதிரெதிர் தீர்க்கரேகைகளில் இருப்பதால் இப்படி. அந்த நூலின் நீளம்தான் சுமார் 15,300 கிலோமீட்டர்.

சரி, விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டில் மட்டும் ஏன் பதினெட்டரை, பத்தொன்பது என்று இருக்கிறது?

கொஞ்சம் தரையிலேயே போய்விடுகிறது. கேட்டை விட்டு நகர்வது முதல், போய்ச் சேர்ந்த ஊரில் கேட்டில் நிற்பது வரை எல்லாமே அட்டவணைக் கணக்கு. ரன்வேக்கு வரிசையில் ஊர்வதும் அதில் சேர்த்தி.

[திரையில்: மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் அம்புக்குறிகள்]

மீதியைத் தீர்மானிப்பது காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். பின்னாலிருந்து 150 தள்ளினால், நம் 900 தரைக்கணக்கில் 1,050. எதிரே அடித்தால் 750தான். 2020 பிப்ரவரியில், ஒரு புயல் நேரத்தில், நியூயார்க்கில் ஏறிய போயிங் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கிவிட்டது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதனால் நூல் காட்டிய பாதையை விமானிகள் அப்படியே பிடிப்பதில்லை. தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று, பசிபிக் மேலே கிழக்கு நோக்கிக் காற்றோடு போவார்கள். திரும்பும்போது? சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கேதான்! போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்று.

இவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சும்மா வராது. இந்தப் பாதையில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் வரை கொள்ளும்; எடை குறைக்க, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதில் வைத்திருப்பது 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பே கிடையாது.

[திரையில்: முள் கடிகாரம்]

கடைசியாகக் கைக்கடிகாரம். கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள்ளைத் தொடவே வேண்டாம்! சிங்கப்பூரில் நள்ளிரவு 12க்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் அதே தேதி காலை ஆறரை. திரும்பும்போதுதான் வட்டியோடு வசூல்: வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறி, 19 மணி நேரம் பறந்து இறங்கினால், சிங்கப்பூரில் ஞாயிறு காலை 5. சனிக்கிழமை பிறந்தநாள் வருகிறவர்கள் டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.