மீலோஸ் தீவும் எரிபொருள் வரிசையும்: ஒரு மாணவியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும் ஒரு மாணவி வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கிறார். "உக்ரைன், காசா, தாய்வான் என்று ஒவ்வொரு நாளும் செய்தி பார்க்கிறேன் சேர், பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. உலக அரசியலைப் புரிந்துகொள்ள உதவும் புத்தகங்களையும் படங்களையும் சொல்லுங்கள். எந்த நாடு நமக்கு நண்பன், எந்த நாடு பகைவன் என்றும் சொல்லுங்கள்" என்பது அவருடைய கேள்வி.

புத்தகங்களின் பெயரை உடனே சொல்லிவிடலாம். ஆனால் கடைசி வரி நான்கு நாட்களாக என்னை விடவில்லை. ஏறத்தாழ அதே கேள்வியை 2022 ஜூன் மாதம் காலி வீதியில் எரிபொருள் வரிசையில் நின்றபோது ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கிராண்ட்பாஸைச் சேர்ந்த முச்சக்கர வண்டிச் சாரதி, இரண்டாவது இரவாக வண்டியிலேயே படுத்திருந்தவர். மடித்த பத்திரிகையால் விசிறிக்கொண்டே, "ஐயா, எண்ணெய்க் கப்பல் வந்து கடலில நிக்குதாம், டொலர் கட்டினாத்தான் இறக்குவாங்களாம். அப்ப அந்தக் கப்பலை அனுப்பினவன் நமக்குச் சிநேகிதனா, பகையா?" என்றார். அன்று நான் பொருளாதாரம் பேசினேன். கேள்விதான் முக்கியமானது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கப்பலை அனுப்பியவருக்கு விலை வேண்டும், கொடுத்த எண்ணெய்க்குக் காசு வராமல் போய்விடுமோ என்ற அச்சமும் இருந்தது. அந்த ஏப்ரலில்தான் நம் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியிருந்தது. ஒரு நாட்டை நண்பன் என்றோ பகைவன் என்றோ பெயரிடுவதற்கு முன்னர் அதற்கு என்ன தேவை, அது எதற்கு அஞ்சுகிறது என்று கேளுங்கள். முன்னைய உரைகளைக் கேட்டவர்களுக்கு இது பழகிய வாக்கியம். இன்றும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆகவே நான் முதலில் கையில் கொடுக்கும் புத்தகம் ஏறத்தாழ 2400 ஆண்டுகள் பழையது. ஏதென்ஸைச் சேர்ந்த துசிடிடீஸ் எழுதிய பெலோப்பொன்னேசியப் போரின் வரலாறு அது; ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்ற இரு கிரேக்க அரசுகள் மோதிக்கொண்ட போர். கி.மு. 416இல் ஏதென்ஸ் தன் கப்பற்படையை மீலோஸ் என்ற சிறிய தீவுக்கு அனுப்புகிறது. மீலோஸ் மக்கள் ஸ்பார்ட்டாவின் வழிவந்தவர்களாயினும் எப்பக்கமும் சேராமல் இருக்கவே விரும்பினார்கள். வந்த தூதுவர்களோ, நீதி என்பது சமபலம் உள்ளவர்களுக்கிடையில் பேசப்படுவது, வலியவர் தம்மால் முடிந்ததைச் செய்வர், மெலியவர் பட வேண்டியதைப் படுவர், ஆகையால் பணிந்து கப்பம் கட்டுங்கள் என்றார்கள். தெய்வம் துணை நிற்கும், ஸ்பார்ட்டா உதவிக்கு வரும் என்று நம்பி மீலோஸ் மறுத்தது. ஸ்பார்ட்டா வரவில்லை. முற்றுகையின் முடிவில் ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

இந்த நூலின் ஒரு பிரதியை மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் 'வலியவர் முடிந்ததைச் செய்வர்' என்ற வரியின் கீழ் பென்சிலால் மூன்று தடவை அழுத்திக் கோடிட்டிருந்தார். அதற்குப் பின் ஒரு பக்கத்திலும் ஒரு கோடும் இல்லை. தொலைக்காட்சி விவாதங்களில் உலக அரசியல் இவ்வளவுதான் என்று அந்த வரியை எடுத்து வீசுவோரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பென்சில் கோடுகள் நினைவுக்கு வருகின்றன. அது தூதுவர்கள் பேசிய வரி, ஆசிரியருடைய தீர்ப்பு என்று கொள்ள இடமில்லை. பக்கத்தைப் புரட்டினால் அதே ஏதென்ஸ் கி.மு. 415இல் சிசிலித் தீவின் மீது பெரும் படை அனுப்புவதையும், இரண்டே ஆண்டுகளில் அந்தப் படை முழுவதையும் இழப்பதையும் அவர் எழுதுகிறார்.

"வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்" என்ற குறளை நாம் பாடசாலையில் மனப்பாடம் செய்து ஒப்புவித்தோம். செய்யும் வினையின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை ஆகியவற்றை எடைபோட்டுச் செயற்படு என்பது அதன் பொருள். இந்த வரலாற்றோடு சேர்த்துப் படித்த போதுதான் அதன் எடை எனக்குத் தெரிந்தது. மீலோஸ் துணைவலியைத் தவறாக எடைபோட்டது. ஏதென்ஸ் சிசிலியில் மாற்றான் வலியைத் தவறாக எடைபோட்டது. உக்ரைன் போர் தொடங்கிய நாளிலிருந்து இரு பக்கத்தாரும் போட்ட கணக்குகளை இந்த நான்கு வலிகளையும் வைத்துப் பாருங்கள், செய்தி வாசிப்பவர் சொல்லாத பலவும் தெரியவரும்.

படங்களில் எரல் மொரிஸ் எடுத்த 'த ஃபொக் ஒஃப் வோர்' என்ற 2003ஆம் ஆண்டு ஆவணப்படத்தை முதலில் சொல்வேன். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ரொபர்ட் மக்னமாரா தம் முதுமையில் கமராவைப் பார்த்துப் பேசுகிறார். போர் முடிந்து 20 ஆண்டுகளுக்குப் பின், 1995இல், வியட்நாமின் முன்னாள் வெளிவிவகார அமைச்சரைச் சந்தித்ததை அவரே சொல்லுமிடத்தில் நான் ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்திவிடுவேன். நீங்கள் ஒரு வரலாற்றுப் புத்தகத்தையாவது படித்திருந்தால் நாங்கள் சீனாவின் கைப்பாவைகள் இல்லை என்று தெரிந்திருக்குமே, சீனாவோடு ஆயிரம் ஆண்டுகள் போராடியவர்கள் அல்லவா நாங்கள் என்று அந்த அமைச்சர் கேட்டாராம். எதிரி எதற்கு அஞ்சுகிறான் என்ற ஒரு கேள்வியைக் கேட்காததற்கு இலட்சக்கணக்கான உயிர்கள் விலையாயின. மாணவிக்கு நான் சொல்லும் அதே இரண்டு கேள்விகள்தான் இங்கேயும்.

அடுத்தது கில்லோ பொன்டெகோர்வோ இயக்கி 1966இல் வெளிவந்த 'த பட்டில் ஒஃப் அல்ஜியர்ஸ்'. பிரான்சின் ஆட்சிக்கு எதிராக அல்ஜீரியர்கள் நடத்திய போராட்டத்தைக் காட்டும் படம். மூன்று பெண்கள் உடையையும் கூந்தலையும் மாற்றிக்கொண்டு சோதனைச்சாவடியைக் கடந்து குண்டு வைக்கப் போகிறார்கள். வெடிப்பதற்கு முன் கமரா அந்தச் சிற்றுண்டிச்சாலையில் இருப்பவர்களின் முகங்களைக் காட்டுகிறது. அங்கே ஒரு சிறுபிள்ளை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்றதும், வெடிச்சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தேடி ஓடியதும் கொழும்பில் வாழ்ந்த நம்மில் பலருக்கு நேரில் தெரியும். அதனால் அந்தக் காட்சியை நம்மால் ஒரு பக்கத்தில் மட்டும் நின்று பார்க்க முடியாது. இதே படத்தை ஈராக் போர் தொடங்கிய 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகன் தன் அதிகாரிகளுக்குத் திரையிட்டது. அவர்கள் எந்த இருக்கையில் இருந்து பார்த்திருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ரிம் மார்ஷலின் 'பிரிசனர்ஸ் ஒஃப் ஜியோகிராஃபி' மலைகளும் சமவெளிகளும் அரசுகளை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதை எளிதாகச் சொல்கிறது. கணினிச் சில்லுகளைப் பற்றிய கிறிஸ் மில்லரின் 'சிப் வோர்' தாய்வானைப் பற்றி ஏன் இத்தனை பதற்றம் என்பதை விளக்குகிறது. இரண்டையும் படியுங்கள். ஆயினும் முதலாவதைப் படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: நம் தீவு நகரவே இல்லை, ஆனால் 1952இலும் 2022இலும் அது எடுத்த முடிவுகள் ஒன்றல்ல.

உண்மையில் அந்த 1952ஐப் பற்றித்தான் அந்த மாணவி கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கொரியப் போரால் அரிசி விலை ஏறிவிட்டது, இறப்பர் விலையோ இறங்கிக்கொண்டிருந்தது. சீனாவுக்கு இறப்பர் விற்கக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் தடை விதித்திருந்தது. இலங்கை 1955 வரை அங்கே உறுப்பினரே இல்லை. கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த டட்லி சேனாநாயக்கவின் அரசு, சீனாவோடு இராஜதந்திர உறவுகூட இல்லாத நிலையில், அதனுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. நம் இறப்பருக்குச் சந்தையைவிடக் கூடிய விலை கிடைத்தது. அமெரிக்கா உதவி தர மறுத்தது, ஆனாலும் பங்கீட்டுக் கடைக்கு அரிசி வந்தது. அந்த அமைச்சரவையில் இருந்தவர்கள் சீனாவை நண்பன் என்று நினைக்கவில்லை. சீனாவுக்கு இறப்பர் தேவை, நமக்கு அரிசி தேவை என்று கணக்கிட்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தை மேசையை ஒருவர் படமாக எடுத்தால் முதல் நாளே வரிசையில் நின்று பார்ப்பேன்.

மகளே, நீங்கள் மீலோஸ் பகுதியிலிருந்து தொடங்குங்கள், ஒரு மாலையில் படித்துவிடலாம். தூதுவர்களின் பேச்சு முடிந்து மீலோஸ் சபை பதில் சொல்ல வேண்டிய இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நீங்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால் கப்பம் கட்டச் சொல்லியிருப்பீர்களா, மறுக்கச் சொல்லியிருப்பீர்களா என்று எழுதி அனுப்புங்கள். உங்கள் பதிலோடுதான் அடுத்த உரையைத் தொடங்குவேன்.