வெங்காயத் தாலாட்டு

நேயர்களுக்கு வணக்கம். மிகெல் எர்னாந்தெஸ் என்னும் ஸ்பானியக் கவிஞரைப் பற்றிப் பேச அழைத்தபோதே, அவருடைய ஒரு தாலாட்டைப் பற்றித்தான் பேசுவேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அந்தத் தாலாட்டு விளங்க வேண்டுமானால், முதலில் பாலைப் பற்றிப் பேச வேண்டும்.

1910 அக்டோபர் 30 அன்று, ஸ்பெயினின் தென்கிழக்கில் உள்ள ஒரிஉவேலா என்ற ஊரில், வெள்ளாடு வளர்த்து விற்பவரின் மகனாக அவர் பிறந்தார். பதினைந்து வயது நிறையுமுன்பே தந்தை அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மேய்ச்சலுக்கு அனுப்பினார். மலைச்சரிவில் ஆடுகளை விட்டுவிட்டு நூல்களைப் படித்தும், கறந்த பாலை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றியும் வளர்ந்த அந்தச் சிறுவன்தான், பின்னாளில் தலைநகர் மாட்ரிட் சென்று சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதாவின் நெருங்கிய நண்பரானான். உறங்கும் ஆட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டால், பால் மடியை நோக்கி இறங்கும் ஓசை கேட்கும் என்று மிகெல் தம்மிடம் சொன்னதை நெரூதா தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆடு கறந்தவர்கள் நேயர்களில் பலர் இருப்பீர்கள். பாலை அதன் ஓசையால் அறிந்த ஒருவரை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

1936இல் ஸ்பெயினின் குடியரசு அரசுக்கும் அதை எதிர்த்துக் கிளர்ந்த படைத்தளபதிகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசின் பக்கம் நின்ற மிகெல், போர்முனையில் வீரர்களிடையே தம் கவிதைகளைப் படித்தார். 1937 மார்ச்சில் ஹொஸேஃபினா மான்ரேஸாவை மணந்தார். முதல் மகன் பத்து மாதத்திலேயே இறந்தான்; 1939 ஜனவரியில் இரண்டாவது மகன் பிறந்தான். குடியரசு தோற்றதும் போர்ச்சுகலுக்குத் தப்ப முயன்ற அவரை அந்நாட்டுக் காவலர்கள் பிடித்து ஸ்பெயினிடம் ஒப்படைத்தார்கள்.

அவ்வாண்டு செப்டம்பரில், மாட்ரிட் சிறையில் இருந்தவருக்கு மனைவியின் கடிதம் வந்தது. ரொட்டியும் வெங்காயமும் தவிர உண்ண வேறொன்றும் இல்லை என்றும், அதை உண்டுதான் எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். ஊருக்கே பால் ஊற்றிய கைகள் சிறையில் இருக்க, அந்தக் கைகளுக்குரியவரின் குழந்தை தாயின் மார்பில் வெங்காயச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. மீண்டும் சொல்கிறேன், பாலின் ஓசை அறிந்தவர் அவர். அவருடைய பதில்தான் ‘வெங்காயத் தாலாட்டு’.

அக்கவிதை வெங்காயத்தை உறைபனி என்கிறது. இறுக மூடிய, ஏழ்மையான உறைபனி. பிறகு, அழாதே என்று சொல்லாமல், நிறையச் சிரி என்று குழந்தையைக் கேட்கிறது. அந்தச் சிரிப்பு தம்மை விடுதலை செய்கிறது, சிறையைப் பிடுங்கி எறிகிறது என்கிறார். குழந்தைக்கு முளைத்த ஐந்து பற்களை ஐந்து ஆரஞ்சுப் பூக்களாகக் காண்கிறார். ஒரிஉவேலாவைச் சூழ்ந்த தோட்டங்களின் பூ அது. யாப்போ நாட்டுப்பாடலுக்குரியது. சற்று நீண்ட ஓர் அடி, சற்றுக் குறுகிய ஓர் அடி என்று மாறி மாறி வருவதால், தொட்டில் போய்த் திரும்புவதுபோல் காதில் விழும். நம் வீடுகளில் தாலாட்டுப் பாடுகிற தாய் தன் பிறந்தகத்துப் பெருமையையும் மனக்குறையையும் பாட்டிலேயே இறக்கி வைப்பாள். மிகெலோ துயரம் முழுவதையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, நடப்பது எதுவும் உனக்குத் தெரிய வேண்டாம் என்று மகனிடம் சொல்லி முடிக்கிறார்.

அவருடைய சிறைக் கவிதைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடியப் போகிறது. விடுதலையாகி ஊர் திரும்பியவர் சில நாள்களிலேயே மீண்டும் கைதானார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, முப்பது ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. காசநோய் முற்றியது. 1937இல் நடந்த பதிவுத் திருமணத்தைப் போரில் வென்றவர்களின் புதிய அரசு ஏற்காததால், 1942 மார்ச் 4 அன்று, அலிகாந்தே சிறையின் மருத்துவ அறையில், படுக்கையில் இருந்தபடியே ஹொஸேஃபினாவைத் திருச்சபை முறைப்படி மீண்டும் மணந்தார். அம்மாதம் 28ஆம் நாள், முப்பத்தொன்றாம் வயதில் இறந்தார். மகனுக்கு அப்போது மூன்று வயது.