பெட்டி ஒன்று, தினார் ஐம்பது

நண்பர்களே, இன்று நவம்பர் 30. அரபு நாடுகளையும் ஈரானையும் விட்டு வெளியேற நேர்ந்த யூதர்களை நினைவுகூர இஸ்ரேல் 2014-இல் சட்டம் போட்டு ஒதுக்கிய நாள். மொத்தம் எட்டரை லட்சம் பேர் என்பார்கள். நான் பாக்தாத்தை மட்டும் பேசிவிட்டு இறங்குகிறேன்.

இஸ்லாம் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள் அவர்கள். வீட்டில் பேசியது அரபி. ஈராக்கின் முதல் நிதியமைச்சர் சாசூன் எஸ்கெல் யூதர். பாக்தாத் வானொலிக்கு இசைக்குழு அமைத்த வயலின்காரர் சாலிஹ் அல்-குவைதியும் யூதர்தான். எகிப்தின் புகழ்பெற்ற பாடகி உம் குல்தூமே அவர் மெட்டைப் பாடியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அப்புறம் 1941 ஜூன் வந்தது. இரண்டு நாள் கலவரம், ஃபர்ஹூத் என்பார்கள். ஏறக்குறைய 180 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் படை நகர எல்லையில் நின்றபடி வேடிக்கை பார்த்தது. கதவைத் திறந்து அடைக்கலம் கொடுத்த முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1948 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் யூதர்களின் அரசு வேலைகள் போயின. 1950 மார்ச்சில் ஒரு சட்டம்: குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஒரு லட்சம் பேருக்கு மேல் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, மறு மார்ச்சில் இன்னொரு சட்டம்: அவர்கள் சொத்து முழுக்க முடக்கம். கடைகளுக்குச் சீல். கையில் ஒரு பெட்டி, பெரியவருக்கு 50 தினார். போன இடமான இஸ்ரேலில் வரவேற்பு? உடம்பில் டிடிடி பூச்சிக்கொல்லித் தூள், தங்குவதற்குக் கூடாரம்.

'பாலஸ்தீனர் இழந்தது மட்டும் என்னவாம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இவர் வீட்டுச் சாவியை அவர் வீட்டுச் சாவியோடு கழித்துக் கணக்கை நேர் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாக்தாத்காரர் கடையைப் பூட்டியது ஹைஃபா நகரத்துப் பாலஸ்தீனர் இல்லையே.

சரி, சாலிஹ் என்ன ஆனார்? தம்பி தாவூதும் அவரும் டெல் அவீவின் ஏழைப் பகுதி ஒன்றில் கடை வைத்தார்கள். பாத்திரபண்டக் கடை. அரபிப் பாட்டை அங்கே யார் மதித்தார்கள்? ஈராக்கிலோ அவர் பாடல்கள் நிற்கவே இல்லை. பெயரை மட்டும் எடுத்துவிட்டு 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டார்கள். இஸ்ரேல் வானொலியின் அரபி ஒலிபரப்பில் அண்ணனும் தம்பியும் வாசிப்பார்கள். எல்லை தாண்டி, பாக்தாத்திலும் அதைக் கேட்டார்கள்.