ராத்திரி விமானத்தில் பிசினஸ் கிளாஸ்: கொடுக்கும் காசு எங்கே போகிறது?

(திரையில்: இருட்டான ஓடுபாதை, கிளம்பக் காத்திருக்கும் விமானம்)

பிசினஸ் கிளாஸ் விளம்பரம் எதை எடுத்தாலும் ஒரு ஷாம்பெயின் கோப்பை இருக்கும், வெள்ளைத் துணி விரித்த மேசை இருக்கும், ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு முகம் இருக்கும். பகல் விமானத்துக்கு அது பொருந்தலாம். வேலையை முடித்துக்கொண்டு இரவில் ஏறி, மறுநாள் காலையில் ஊர் வந்து இறங்கும் விமானத்தில் கதை வேறு. அங்கே கூடுதலாகக் கொடுக்கும் காசெல்லாம் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவதற்குத்தான். சாப்பாடு, பானம், பெரிய திரை எல்லாமே அந்தத் தூக்கத்திலிருந்து நேரத்தைப் பிடுங்குகிறவை. இதை மனதில் வைத்துக்கொண்டு, சீட் எடுப்பதிலிருந்து ஊரில் இறங்குவது வரை பார்க்கலாம்.

முதலில் கணக்கு.

(திரையில்: 8 மணி நேரத்தைக் காட்டும் ஒரு கோடு, பகுதி பகுதியாக நிறம் மாறுகிறது)

டிக்கெட்டில் 8 மணி நேரப் பயணம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விமானம் தரையில் ஊர்ந்து, மேலே ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அப்புறம் இரவுச் சாப்பாடு. ஒவ்வொரு தட்டாக வந்து, ஒவ்வொரு தட்டாக எடுத்துப்போனால் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். கோட்டின் மறுமுனையைப் பாருங்கள். இறங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருக்கும்போதே விளக்கைப் போட்டுக் காலை உணவைத் தொடங்கிவிடுவார்கள். கடைசி அரை மணி நேரம் சீட்டை நிமிர்த்தியே ஆக வேண்டும். ஆக மிச்சம் 4 மணி நேரம். தூக்கம் கண்ணைச் சுற்றி வருவதற்கு ஆகும் நேரத்தையும் கழித்தால் மூன்றரை.

13, 14 மணி நேரப் பயணத்தில் இந்தக் கவலை இல்லை. நிதானமாகச் சாப்பிட்டு, ஒரு படமும் பார்த்துவிட்டு முழு இரவு தூங்கலாம். 6 முதல் 8 மணி நேரம் பறக்கும் இரவு விமானங்கள்தான் சிக்கல். அதிலும் கிழக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு இன்னும் நெருக்கடி. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுவதால் பயண நேரம் குறைகிறது. சூரியனை எதிர்கொண்டு போவதால் இரவும் சுருங்குகிறது. வேறு எந்த நாளிலும் சீக்கிரம் ஊர் சேர்வது நல்ல செய்தி. படுக்கைக்குக் காசு கொடுத்த அன்று மட்டும் அது நஷ்டம்.

இதற்கு வழி எளிது. இரவுச் சாப்பாட்டை, விமான நிலையத்தில் பிசினஸ் பயணிகள் காத்திருக்கும் லவுஞ்சிலேயே முடித்துவிடுங்கள். விமானத்தில் ஏறியதும் கேபின் பணியாளரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: "எனக்குச் சாப்பாடு வேண்டாம், காலை உணவுக்கும் எழுப்ப வேண்டாம்." சில நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துத் தரும் சுருக்கமான சாப்பாடு வைத்திருக்கின்றன; அதைக் கேட்டு வாங்கலாம். இப்படிச் செய்தால் 4 மணி நேரம் 6 ஆகிவிடும். அவ்வளவு விலை கொடுத்துவிட்டுச் சாப்பாட்டை விடுவதா என்று மனசு கேட்காது, தெரியும். ஆனால் பூமிக்கு மேலே 35 ஆயிரம் அடியில் சூடாக்கிக் கொடுக்கும் சாப்பாட்டுக்காக யாரும் இவ்வளவு விலை கொடுப்பதில்லை.

சரி, சீட்டுக்கு வருவோம்.

பிசினஸ் கிளாஸ் என்ற தனி வகுப்பே 1970களின் கடைசியில்தான் பரவலாக வந்தது. அப்போது அது கொஞ்சம் அகலமான, கொஞ்சம் அதிகமாகச் சாயும் நாற்காலி, அவ்வளவுதான். முழுக்கப் படுக்கையாக விரியும் சீட்டை பிசினஸ் கிளாஸில் முதலில் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ், 2000-ல். நடுவில் ஒரு காலகட்டத்தில், படுக்கை மாதிரி நேராகும், ஆனால் தரைக்குச் சாய்வாக நிற்கும் சீட்டுகள் நிறைய வந்தன. அதில் தூங்கினால் இரவு முழுக்க வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பழைய விமானங்கள் சிலவற்றில் அவை இன்னும் உண்டு. ஒரே நிறுவனம், ஒரே வழித்தடம் என்றாலும் ஒரு விமானத்தில் இருக்கும் சீட் இன்னொன்றில் இருக்காது. அதனால் டிக்கெட் எடுக்கும்போது நிறுவனத்தின் பெயரைவிட, எந்த விமானம், எந்த சீட் வரைபடம் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

(திரையில்: மேலிருந்து பார்க்கும் சீட் வரைபடம், முதலில் 2-2-2, அடுத்து 1-2-1)

இந்த எண்கள், ஒரு வரிசையில் இரண்டு நடைபாதைகளுக்கு இடையே சீட்டுகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதைச் சொல்கின்றன. 2-2-2 என்றால் ஜன்னலோரத்தில் இருப்பவர் நள்ளிரவில் கழிவறைக்குப் போகப் பக்கத்தில் தூங்குகிறவரின் காலைத் தாண்ட வேண்டும். 1-2-1 என்றால் எல்லாருக்கும் நேராக நடைபாதைக்கு வழி உண்டு. தனியாகப் போகிறவருக்கு 1-2-1-ல் ஜன்னலோரம்தான் நல்லது. இதுவரை எல்லாரும் சொல்வதுதான். பலரும் கவனிக்காத ஒன்று, கால் போகும் பொந்து.

(திரையில்: கால் வைக்கும் இடம், மிக அருகில்)

ஆறரை அடி நீளப் படுக்கை என்று எழுதியிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் பெரும்பாலான வடிவமைப்புகளில் அந்த நீளத்தின் கடைசிப் பகுதி, முன்னால் இருப்பவரின் பக்கவாட்டு மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன அறைக்குள் போகிறது. மல்லாந்து படுத்தால் பாதங்கள் மேல் தட்டை முட்டும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்காலை மடக்க இடம் இருக்காது. புரண்டு படுக்க நினைத்தால், முதலில் காலை வெளியே இழுத்து, திரும்பி, மறுபடி உள்ளே விட வேண்டும். குப்புறப் படுக்கும் பழக்கம் உள்ளவர் பாடு கேட்கவே வேண்டாம். இதற்குத் தப்பிக்கும் இடம் பெரும்பாலும் முதல் வரிசை: முன்னால் இன்னொரு சீட் இல்லாததால் பொந்து அகலமாக இருக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும், உணவு தயாராகும் இடமும் அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். காலுக்கு இடமா, காதுக்கு அமைதியா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: சில விமானங்களில் ஜன்னலோர சீட்டுகள் ஒரு வரிசையில் ஜன்னலை ஒட்டியும், அடுத்த வரிசையில் நடைபாதையை ஒட்டியும் மாறி மாறி இருக்கும். நடைபாதையை ஒட்டிய சீட்டில் படுத்தால் தள்ளுவண்டியும் போகிற வருகிறவர்களும் தலைக்குப் பக்கத்திலேயே போவார்கள். வரைபடத்தில் சீட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் மேசை இருக்கிற வரிசையாகப் பார்த்து எடுங்கள்.

கதவு? 2017-ல் கத்தார் ஏர்வேஸ் கியூசூட் என்று கதவு வைத்த பிசினஸ் கிளாஸைக் கொண்டுவந்த பிறகு நிறையப் பேர் கதவு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். கதவு கண்ணை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. சுவர் கூரை வரை போவதில்லை. நல்ல காதடைப்பான் அதைவிட வேலை செய்யும்.

(திரையில்: தடிமனான சீட் பெல்ட்)

சில சீட்டுகளில் பெல்ட் வழக்கத்தைவிடத் தடிமனாக, உள்ளே ஏதோ சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். அது காற்றுப்பை. விமான சீட்டுகள் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையைத் தாங்குகின்றனவா என்று மோதிப் பார்த்துச் சோதிக்கப்படுகின்றன. சீட்டை விமானத்தின் நீளவாக்குக்குச் சாய்வாக வைக்கும்போது, விபத்தில் உடல் முன்னோக்கி மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் திருகிக்கொள்ளும். முன்னால் இருக்கும் தடுப்பில் தலை மோதவும் கூடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. தூங்கும்போது பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கத் தொடங்கினால் பணியாளர்கள் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். பெல்ட் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுவார்கள். படாவிட்டால் தட்டி எழுப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இதைவிட முக்கியம் போன். படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த போன் இடுக்கில் விழுந்துவிட்டால், சீட்டை அசைக்கவே கூடாது. பொத்தானை அழுத்தி நிமிர்த்தினால் உள்ளே இருக்கும் இயந்திரம் போனை நசுக்கும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். எழுந்து நின்று பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவார்கள். நள்ளிரவில் தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம்.

இனி காற்று. இங்கே பிசினஸ், எகானமி என்ற பேதமே இல்லை. எல்லாரும் சுவாசிப்பது ஒன்றுதான். கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களில் அது 6,000 அடி அளவில் இருக்கும். காலையில் எழும்போது வித்தியாசம் தெரியும். ஈரப்பதமும் பொதுவாக 20 சதவீதத்துக்குக் கீழே. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுப் படுங்கள்.

நாக்கும் மாறிவிடுகிறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காகச் செய்த சோதனையில், பறக்கும்போது இருக்கும் சூழலில் உப்பும் இனிப்பும் மந்தமாகத் தெரிந்தன. தக்காளிச் சாறு மட்டும் தரையில் இருப்பதைவிட ருசித்தது. லவுஞ்சிலேயே சாப்பிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மது விஷயம் கொஞ்சம் தீவிரமானது. இலவசமாக வருகிறது, தூக்கமும் வரும் என்று இரண்டு கோப்பை குடிப்பவர்கள் நிறைய. ஜெர்மனியின் விமான, விண்வெளி ஆய்வு மையத்தினர் 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 8,000 அடி உயரத்துக்குச் சமமான அழுத்தத்தில், மது அருந்தியபின் தூங்கிய ஆரோக்கியமானவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 85 சதவீத அளவுக்கு இறங்கியது, இதயத் துடிப்பும் கூடியது. இதய, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதை எகானமி கிளாஸ் நோய் என்று சொல்வார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்கும் எந்தப் பயணத்திலும், காரிலோ ரயிலிலோ கூட, ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவர் என்ற அளவு. விழித்திருக்கும் நேரத்தில் எழுந்து நடங்கள், போதும்.

(திரையில்: போக ஒரு அம்புக்குறி, வர ஒரு அம்புக்குறி)

போக, வர இரண்டுக்கும் பிசினஸ் எடுக்கக் கட்டுப்படியாகாது என்றால், இரவில் பறக்கும் வழிக்கு மட்டும் எடுங்கள். ஒரே டிக்கெட்டில் போவது எகானமி, வருவது பிசினஸ் என்று கலந்து எடுக்கப் பல நிறுவனங்கள் விடுகின்றன. ஏலம் கேட்டு மேல் வகுப்புக்கு மாறும் வசதி இருந்தால், அதையும் ஒரு வழிக்கு மட்டும் கேட்கலாம். மைல்களை, அதாவது பறக்கப் பறக்க உங்கள் கணக்கில் சேரும் புள்ளிகளை, கொடுத்து மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே விதியைப் படியுங்கள்: மிக மலிவான எகானமி டிக்கெட்டுகளை மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருப்பது வழக்கம். இடம் அதிகம் எடுப்பதால் கார்பன் கணக்கும் ஏறும். பிரிட்டன் அரசின் கணக்கீட்டில் நீண்ட தூர பிசினஸ் சீட் ஒன்று எகானமி சீட்டைப் போல ஏறக்குறைய 3 மடங்கு.

கடைசியாக ஜெட் லாக், அதாவது நேரம் மாறும் ஊருக்குப் பறந்தபின் உடம்பின் கடிகாரம் பழைய நேரத்திலேயே நிற்பது. படுக்கை தூக்கக் கடனைத்தான் குறைக்கும், உடம்பின் கடிகாரத்தை நகர்த்தாது. மூன்று நாள் பயணம் என்றால் உடம்பு ஊர் நேரத்தை முழுசாக விட்டிருக்காது, ஊர் திரும்பியதும் ஒட்டிக்கொள்ளும். சில வாரம் தங்கிவிட்டுத் திரும்புகிறவருக்குத்தான் சிரமம், அதுவும் கிழக்கு நோக்கி வரும்போது. வழக்கமாகக் காலை 7 மணிக்கு எழுகிறவருக்கு உடல் வெப்பம் விடிகாலை 4, 5 மணியளவில் மிகக் குறைவாக இருக்கும். அதற்கு முன் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்னால் போகும், அதற்குப் பின் பட்டால் முன்னால் வரும். கிழக்கே 8 மணி நேர வித்தியாசத்தைக் கடந்து வந்தால், கடிகாரம் முன்னால் வர வேண்டும்; ஆனால் அந்த விடிகாலை 4 மணி ஊரில் நண்பகல் 12. அதாவது காலையில் இறங்கி, உற்சாகமாக வெயிலில் நடந்தால் கடிகாரம் எதிர்த்திசையில் ஓடும். அன்று முற்பகலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் வெளியே போங்கள்.

இறங்கத் தொடங்கும்போது விழித்திருங்கள். தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவதால் காது அடைத்து வலிக்கும். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு நீங்களே கார் ஓட்டுவதாகத் திட்டமிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். 6 மணி நேரம் நன்றாகத் தூங்கியிருந்தாலும், உங்கள் உடம்புக்கு அது இன்னும் நள்ளிரவாக இருக்கலாம். டிக்கெட் எடுக்கும் அன்றே அழைத்துப்போக ஆள் சொல்லி வையுங்கள்.