அமெரிக்காவில் பணக்காரர்களுக்கு வரிக் குறைப்பு: ஒரே கணக்குக்கு ரெண்டு விடை எப்படி வருது?

[திரையில்: செனட் வாக்குப் பலகை. 50 – 50. கீழே தேதி: 2025 ஜூலை 1]

ஐம்பதுக்கு ஐம்பது. செனட் சரிபாதியா பிரிஞ்சு நிக்குது. இப்படி ஆனா துணை ஜனாதிபதிக்கு ஒரு ஓட்டு உண்டு. ஜே.டி. வான்ஸ் அந்த ஓட்டைப் போட்டார், ட்ரம்ப்போட வரிக் குறைப்பு மசோதா தேறிடுச்சு. பிரதிநிதிகள் சபையில 218-க்கு 214. ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்னைக்கு, ட்ரம்ப் கையெழுத்து. ஜனநாயகக் கட்சியிலேர்ந்து ரெண்டு சபையிலயும் ஒரு ஓட்டுகூட விழல.

இது முதல் தடவை இல்ல.

[திரையில்: மூன்று பலகைகள் வரிசையாக. 1993, 2003, 2025]

1993-ல கிளிண்டன் பணக்காரங்களோட உச்ச வரி விகிதத்தை 31 சதவீதத்திலேர்ந்து 39.6-க்கு ஏத்தினார். செனட்ல 50-50. துணை ஜனாதிபதி அல் கோர் ஓட்டுல தேறுச்சு. குடியரசுக் கட்சிக்காரங்க ஒருத்தர்கூட ஆதரிக்கல. 2003-ல ஜார்ஜ் புஷ், டிவிடெண்ட் மேலயும் பங்கு லாபத்து மேலயும் இருந்த வரியை 15 சதவீதமா குறைச்சார். மறுபடி 50-50, காப்பாத்தினது டிக் செனியோட ஓட்டு. நாட்டோட வரிச் சட்டம் இந்த மூணு தடவையும் ஒத்தை ஓட்டுல தொங்கியிருக்கு.

ரெண்டு கட்சியும் கையில வச்சிருக்கிற புள்ளிவிவரத்தைப் பார்த்தீங்கன்னா, பெரும்பாலும் ரெண்டுமே சரி. ஆனா அளக்குற படி வேற வேற. அந்தப் படிகளைத்தான் இந்த வீடியோல ஒண்ணொண்ணா எடுத்துப் பார்க்கப்போறோம்.

[திரையில்: ஏழு படிக்கட்டு. 10, 12, 22, 24, 32, 35, 37]

முதல்ல ஸ்லாப். 2025-ல அமெரிக்க வருமான வரிக்கு ஏழு ஸ்லாப். சேர்ந்து ரிட்டர்ன் போடுற கணவன் மனைவிக்கு முதல் 23,850 டாலருக்கு 10 சதவீதம். அதுக்கு மேல 96,950 வரைக்கும் 12. அப்படியே ஏறிப் போய், 7,51,600 டாலரைத் தாண்டின பணத்துக்கு மட்டும் 37.

"மட்டும்"ங்கிற சொல்லைக் கெட்டியா பிடிச்சுக்குங்க. வருமானம் மேல் ஸ்லாபுக்குள்ள போனா மொத்தத்துக்கும் 37 சதவீதம்னு பல பேர் நினைக்கிறாங்க. கிடையாது. எல்லாரும் கீழ்ப்படியிலேர்ந்துதான் ஏறணும்.

ரெண்டு குடும்பத்தை எடுத்துக்கலாம், ரெண்டுக்கும் சம்பளம்தான் வருமானம். ஒரு குடும்பத்துக்கு வருஷம் 80,000 டாலர். இன்னொண்ணுக்கு 10 லட்சம் டாலர். ரெண்டு பேருக்கும், வரி போடுறதுக்கு முன்னாடி வருமானத்திலேர்ந்து கழிக்கிற நிலையான தொகை, அதாவது ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 31,500.

[திரையில்: கணக்கு ஒவ்வொரு வரியாக எழுதப்படுகிறது]

80,000 குடும்பத்துல டிடக்‌ஷன் போக மிச்சம் 48,500. முதல் 23,850-க்கு வரி 2,385. பாக்கி 24,650-க்கு 12 சதவீதம், அது 2,958. மொத்தம் 5,343 டாலர். நூறு டாலர் சம்பாதிச்சா ஆறே முக்கால் டாலர் கிட்ட வரி.

10 லட்சம் குடும்பத்துக்கு மிச்சம் 9,68,500. 7,51,600 வரைக்கும் ஆறு படியையும் கூட்டினா 2,02,154 டாலர். அதுக்கு மேல இருக்கிற 2,16,900-க்கு 37 சதவீதம், 80,253. மொத்தம் 2,82,407. சம்பளத்துல 28 சதவீதம்.

இப்ப உச்ச விகிதத்தை 37-லேர்ந்து பழைய 39.6-க்கு ஏத்துறாங்கன்னு வச்சுக்குங்க. 10 லட்சம் குடும்பம் கூடுதலா கட்டுறது எவ்வளவு? 2,16,900-ல 2.6 சதவீதம். 5,639 டாலர். டிவியில வாரக்கணக்கா சண்டை போடுற அந்த 2.6 புள்ளிக்கு, இந்தக் குடும்பத்துல விலை இவ்வளவுதான். வருஷத்துக்கு 5 கோடி டாலர் சம்பாதிக்கிறவருக்கு அதே 2.6 புள்ளி 12 லட்சத்தைத் தாண்டிடும். 'பணக்காரர்'னு ஒரே வார்த்தைக்குள்ள இந்த ரெண்டு பேரையும் போட்டு அடைச்சா விவாதம் அங்கேயே குழம்பிடும்.

அடுத்து கீழ்ப்படி. ட்ரம்ப் கொண்டுவந்த 2017 வரிச் சட்டம் இரண்டாவது ஸ்லாபை 15-லேர்ந்து 12-ஆ குறைச்சது. "நடுத்தரக் குடும்பத்துக்குச் செஞ்சது"ன்னு குடியரசுக் கட்சி சொல்லும். மத்ததை எல்லாம் தள்ளி வச்சுட்டு, 2025 ஸ்லாபுல இந்த மூணு புள்ளியை மட்டும் போட்டுப் பாருங்க. 80,000 குடும்பத்துக்கு மிச்சமாகுறது 739 டாலர். 10 லட்சம் குடும்பமும் அந்தப் படியைத் தாண்டித்தானே மேல போகுது? அவங்க அந்த ஸ்லாபை முழுசா நிரப்புறாங்க. அவங்களுக்கு மிச்சம் 2,193 டாலர்.

[திரையில்: இடது பக்கம் டாலர் கணக்கு, வலது பக்கம் சதவீதக் கணக்கு]

ஜனநாயகக் கட்சி டாலரைக் காட்டும்: பணக்காரருக்கு மூணு மடங்கு. குடியரசுக் கட்சி சதவீதத்தைக் காட்டும்: 80,000 குடும்பத்துக்கு வருமானத்துல 0.9 சதவீதம் மிச்சம், 10 லட்சத்துக்கு 0.2 தான். ஒரே வரிக் குறைப்பு. ரெண்டு பேர் சொல்றதும் பொய் இல்ல. அதனால "பெரும் பங்கு பணக்காரருக்கே"ன்னு தலைப்பு பார்த்தா, பங்குன்னா எதுல பங்குன்னு முதல்ல கேளுங்க.

இதே வித்தையோட இன்னொரு வடிவம் இருக்கு. 2022-ல அமெரிக்காவின் உச்ச 1 சதவீதத்தினர் கூட்டாட்சி வருமான வரியில 40.4 சதவீதம் கட்டினாங்க. அவங்க வருமானப் பங்கு 22.4 சதவீதம்தான். சரியான எண்தான், குடியரசுக் கட்சிப் பேச்சாளர்கள் விடாம சொல்ற எண். விட்டுப்போறது என்னன்னா, அது வருமான வரி மட்டும். சம்பளத்துல நேரா பிடிக்கிற சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரி தனி. நம்ம 80,000 குடும்பத்துக்கு அது 7.65 சதவீதம், 6,120 டாலர். வருமான வரியைவிட ஜாஸ்தி! 10 லட்சம் குடும்பத்துல ஒருத்தரே சம்பாதிக்கிறார்னா, சமூகப் பாதுகாப்பு வரி 2025-ல 1,76,100 டாலர் சம்பளத்தோட நின்னுடும். மெடிகேரையும் அதுக்கு மேல இருக்கிற 0.9 சதவீத உபரி வரியையும் சேர்த்தாலும் சுமார் 32,000. சம்பளத்துல 3.2 சதவீதம். அங்க 7.65, இங்க 3.2.

2025 சட்டத்துக்கு மட்டும் இந்த டாலர்-சதவீதச் சமாதானம் ஒத்துவராது. அது வரி மட்டும் இல்ல. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு மருத்துவத்தையும் உணவு உதவியையும் சேர்த்து வெட்டின சட்டம். எல்லாத்தையும் சேர்த்து காங்கிரஸோட பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்குல, அடிமட்டப் பத்து சதவீதக் குடும்பங்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 1,200 டாலர் நஷ்டம். உச்சிப் பத்து சதவீதத்துக்கு 13,600 டாலர் லாபம். டாலர்ல பார்த்தாலும் சதவீதத்துல பார்த்தாலும் ஒரே திசை. குடியரசுக் கட்சியோட பதில், மெடிக்கெய்டுல வேலை நிபந்தனை வைக்கிறது வரிக் கணக்கே இல்ல, அதைத் தனியா வாதிடணும்ங்கிறது.

[திரையில்: நாட்காட்டித் தாள்கள் கிழிகின்றன. 2010, 2012, 2025]

இந்தச் சண்டை ஏன் சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வருது? காரணம் கொள்கை இல்ல, செனட் விதி. சாதாரண மசோதாவுக்கு விவாதத்தை முடிக்கவே 60 ஓட்டு வேணும். ரெண்டு கட்சிக்கும் அது கிடைக்கிறது அபூர்வம். பட்ஜெட் மசோதாக்களுக்கு ஒரு தனி வழி உண்டு, அதுல சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்த வழிக்குக் காவல் நிக்கிறது பேர்டு விதி. மேற்கு வர்ஜீனியா செனட்டர் ராபர்ட் பேர்டு பேர்ல இருக்கிற விதி. பட்ஜெட் காலம், வழக்கமா பத்து வருஷம், முடிஞ்ச பிறகும் பற்றாக்குறையைக் கூட்டுற எதுவும் அதுல இருக்கக் கூடாது. பட்ஜெட்டோட சம்பந்தமில்லாததும் கூடாது. 2017 சட்டத்தோட சுருக்கப் பேரே இந்த விதியில அடிபட்டுது. பேருக்கும் பட்ஜெட்டுக்கும் என்ன சம்பந்தம்? பிரதிநிதிகள் சபை மறுபடி உட்கார்ந்து ஓட்டுப் போட வேண்டியதாச்சு.

அதனால 2001-ல புஷ் கொண்டுவந்த குறைப்பு 2010 கடைசியில காலாவதின்னு எழுதப்பட்டுது. ஒபாமா ரெண்டு வருஷம் நீட்டினார். 2013 தொடக்கத்துல ஒரு உடன்படிக்கை: தம்பதிக்கு 4,50,000 டாலருக்குக் கீழ குறைப்பு நிரந்தரம், மேல 39.6. ட்ரம்ப்போட 2017 சட்டத்துல நிறுவன வரி 35-லேர்ந்து 21 ஆனது நிரந்தரம். தனிநபர் ஸ்லாப் எல்லாம் 2025 கடைசியில காலாவதி.

2025-ல அந்தக் காலாவதியை நீக்கணும். செலவு எவ்வளவு? இங்கதான் செனட் குடியரசுக் கட்சி ஒரு புது அளவுகோலை எடுத்துச்சு. ஆடித் தள்ளுபடின்னு ஒரு கடை 20 சதவீதம் குறைச்சுக் கொடுக்குதுன்னு வைங்க. ஆவணியிலயும் அதே விலை. "ஆடியில கொடுத்ததைத்தானே கொடுக்கிறோம், புதுசா என்ன நஷ்டம்?"னு முதலாளி சொன்னா, கணக்குப்பிள்ளை ஒத்துக்குவாரா? செனட் குடியரசுக் கட்சியும் அந்த முதலாளி மாதிரிதான், நடப்புல இருக்கிற விகிதத்தைத் தொடர்றதுக்குச் செலவு பூஜ்யம்னு எழுதினாங்க. சட்டப்படி காலாவதி ஆகுறதை நீட்டினா அதைச் செலவா எடுத்துக்கிற வழக்கமான முறையில, பட்ஜெட் அலுவலகம் போட்ட தொகை பத்து வருஷத்துக்கு 3.4 லட்சம் கோடி டாலர் கூடுதல் பற்றாக்குறை. எங்க பார்வையில இந்த அளவுகோல் மாத்தம்தான் 2025-ல நடந்த பெரிய விஷயம். இனி எந்தக் கட்சியும் இதே பாதையில போகலாம்.

"வரியைக் குறைச்சா வளர்ச்சி வந்து வரவு தானா கூடும்"ங்கிற வாதத்துக்கு வருவோம். 0 சதவீத வரியில வரவு இல்ல, 100 சதவீதத்திலயும் இல்ல. அதை யாரும் மறுக்கல. நடுவுல எங்க நிக்கிறோம்ங்கிறதுதான் கேள்வி.

[திரையில்: நிறுவன வரி வரவு. 2017: 29,700 கோடி டாலர். 2018: 20,500 கோடி. 2022: 42,500 கோடி]

இந்த மூணு கம்பத்துல முதல் ரெண்டை மட்டும் காட்டினா அது ஜனநாயகக் கட்சி விளம்பரம். முதலையும் கடைசியையும் காட்டினா குடியரசுக் கட்சி விளம்பரம். 2022-க்குள்ள விலைவாசி ஏறியிருந்துச்சு, கொரோனாவுக்குப் பிறகு நிறுவன லாபமும் எகிறியிருந்துச்சு. ரெண்டு வருஷத்தை மட்டும் பொறுக்கி எடுத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இதைவிடத் தெளிவான பாடம் கான்சாஸ் மாநிலத்துல கிடைச்சுது. 2012-ல ஆளுநர் சாம் பிரவுன்பேக் மாநில வருமான வரியைக் குறைச்சார். கூடவே, சிறு நிறுவன உரிமையாளர் லாபத்துக்கு மாநில வரியே இல்லன்னார். பிழை அங்கதான். சம்பளம் வாங்கினா வரி, அதே வேலைக்குத் தன் பேர்ல ஒரு நிறுவனம் வச்சு லாபமா எடுத்தா வரி இல்ல. 3 லட்சத்துக்கும் மேல உரிமையாளர்கள் அந்தச் சலுகையை எடுத்தாங்க, எதிர்பார்த்ததைவிட ரொம்ப அதிகம். பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் போதல. 2017 ஜூன்ல ஆளுநரோட வீட்டோவைத் தாண்டி அந்தச் சட்டத்தைத் திருப்பினது குடியரசுக் கட்சி பெரும்பான்மையா இருந்த சட்டமன்றமே. அதே வருஷம் வாஷிங்டன் இதே யோசனையைக் கொஞ்சம் கடிவாளம் போட்டு எடுத்துக்கிச்சு: நிறுவன உரிமையாளருக்கு 20 சதவீதக் கழிவு. வருமானம் ஒரு அளவைத் தாண்டினா டாக்டர், வக்கீல் மாதிரி தொழிலுக்குக் கிடையாது.

[திரையில்: ஒரு பங்குப் பத்திரம். 10 லட்சம் → 5 கோடி]

இதுவரைக்கும் சம்பளக்காரப் பணக்காரர். சொத்துக்காரர் விஷயம் தனி, அங்க ஸ்லாப் சண்டைக்கு மதிப்பே கம்மி. 10 லட்சம் டாலருக்கு வாங்கின பங்கு 5 கோடி ஆயிடுச்சு. வித்தாத்தான் வரி, அதிகபட்சம் 20 சதவீதமும் கூட 3.8 சதவீத உபரியும், ஆக 23.8. வித்தா 1 கோடியே 16 லட்சம் டாலர் போகும். விக்காம, பங்கை அடமானம் வச்சு வங்கியில கடன் வாங்கிச் செலவு பண்ணா? கடன் வருமானம் இல்ல, வரி இல்ல. அவர் இறந்ததும், வாரிசு அந்தப் பங்கை 5 கோடிக்கே வாங்கின மாதிரி வரிக் கணக்கு புதுசா ஆரம்பிக்கும். அந்த 4.9 கோடி லாபத்துக்கு யாரும் எப்பவும் வருமான வரி கட்ட மாட்டாங்க.

"எஸ்டேட் வரி இருக்கே"ம்பாங்க குடியரசுக் கட்சியில. இறந்தவர் விட்டுப்போற சொத்து மேல போடுற வரி அது. இருக்கு. 2026-லேர்ந்து ஆளுக்கு 1.5 கோடி, தம்பதிக்கு 3 கோடி டாலர் விலக்கு. மிச்சத்துக்கு 40 சதவீதம். இந்தக் குடும்பத்துல 2 கோடிக்கு 80 லட்சம். டிரஸ்ட் வச்சு அதையும் கரைக்க வழி இருக்குன்னு ஜனநாயகக் கட்சி சொல்லும். ஆனா 2021-ல பைடன் இறப்பு நேரத்துல லாபத்துக்கு வரி போடலாம்னு சொன்னப்ப, அந்த யோசனை சொந்தக் கட்சிக்குள்ளேயே விழுந்துடுச்சு.

கட்சிக் கோடு அழியுற இடம் இன்னொண்ணும் உண்டு. மாநில, உள்ளூர் வரியைக் கழிச்சுக்கிறதுக்கு 2017-ல 10,000 டாலர் உச்சவரம்பு வந்துச்சு. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியாவுல பெரிய வீடு வச்சிருக்கிறவங்களுக்கு அது அடி. 2021 நவம்பர்ல பிரதிநிதிகள் சபையில அதை 80,000-க்கு ஏத்தி ஓட்டுப் போட்டது ஜனநாயகக் கட்சி. பணக்காரருக்கு வரிக் குறைப்புன்னு வேற எதைச் சொல்றது? 2025-ல நியூயார்க் குடியரசுக் கட்சிக்காரங்க மல்லுக்கட்டி 40,000 ஆக்கினாங்க. ஆனா வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினா கூடுதல் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் குறையும். 6 லட்சத்துல பழைய 10,000-க்கே வந்துடும். நம்ம 10 லட்சம் குடும்பத்துக்கு இதுல ஒண்ணும் இல்ல.

[திரையில்: இரண்டு பட்டியல். நிரந்தரம் | 2028 டிசம்பர் 31 வரை]

புதுச் சட்டத்துல ஸ்லாப், 20 சதவீத நிறுவனக் கழிவு, எஸ்டேட் விலக்கு எல்லாம் நிரந்தரம். டிப்ஸுக்கு 25,000 டாலர் வரைக்கும் கழிவு, ஓவர்டைம் கழிவு, மூத்தவங்களுக்கு 6,000 டாலர் இதெல்லாம் 2028 கடைசி வரைக்கும்தான். ஜனநாயகக் கட்சி இந்த ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுது. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனும் குழந்தைக்கு 2,200 டாலர் வரிச் சலுகையும்கூட நிரந்தரப் பட்டியல்லதான் இருக்குன்னு குடியரசுக் கட்சி திருப்பிக் காட்டுது. 2028 நவம்பர்ல ஜனாதிபதித் தேர்தல். அடுத்த மாசம் 31-ஆம் தேதி டிப்ஸ் கழிவு காலாவதி.