சோளக்காட்டில் விளையும் கார்பன்: விவசாயி கைக்கு என்ன வருகிறது?

(காட்சி: மலைச்சரிவில் மக்காச்சோளம். நடுநடுவே இடுப்பு உயர மரக்கன்றுகள்.)

வணக்கம். இந்தச் சோளக்காட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பயிருக்கு இடையே தள்ளித் தள்ளி நட்டிருப்பது மகோகனி, ஸ்பானிஷ் செடார் கன்றுகள். இடம், தெற்கு மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலம். இங்குள்ள மாயா பழங்குடி விவசாயிகள் 1990-களிலிருந்தே கார்பன் விற்கிறார்கள்.

மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, கட்டையிலும் வேரிலும் கார்பனாகச் சேர்த்து வைக்கிறது. எங்கோ புகை விடும் ஒரு நிறுவனம் அதற்குக் காசு கொடுத்து, தன் புகைக் கணக்கில் கழித்துக்கொள்கிறது. வியாபாரம் அவ்வளவுதான்.

'ஸ்கோலெல் தே' என்ற இந்தத் திட்டத்தில் முதலில் வாங்கியது யார் தெரியுமா? ஃபார்முலா 1 கார் பந்தயத்தை நிர்வகிக்கும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு. 1997-இல் பேசிய விலை, டன் கார்பனுக்குச் சுமார் 10 டாலர்.

(திரையில்: 10 டாலர் → 6 டாலர்)

அதில் விவசாயியின் பங்கு சுமார் 60 சதவீதம். மீதி, அளப்பதற்கும் கணக்கு வைப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் போகிறது. ஒரு டன் கார்பன் என்பது சுமார் 3.67 டன் கரியமில வாயு. அப்படியானால் ஒரு டன் வாயுவைப் பிடித்து வைத்ததற்கு விவசாயிக்குக் கிடைத்தது ஒன்றரை டாலருக்குச் சற்று மேல். இது குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனாலும் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எங்கே சோளம், எங்கே காப்பி, எங்கே மரம் என்று தன் நிலத்தின் படத்தை விவசாயியே வரைகிறார். ஒன்றிரண்டு ஹெக்டேரைத் தனியாக அளந்தால் செலவே வரவை விழுங்கிவிடும். அதனால் பலருடைய நிலத்தையும் கூட்டுறவு அமைப்பு ஒன்றாகச் சேர்த்து விற்கிறது.

(காட்சி: களையெடுக்கும் கைகள்.)

சரி, பணம் எப்போது வரும்? இது கையிலே காசு, வாயிலே தோசை கதை இல்லை. மரம் கார்பன் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும். பாடு முழுக்க முதல் சில வருடங்களில்தான்: களையெடுக்க வேண்டும், பட்டுப்போன கன்றுக்குப் பதில் வேறு நட வேண்டும், மாடு மேயாமல் காக்க வேண்டும். அதனால்தான் பிற்காலத்தில் சேரப்போகும் கார்பனை இப்போதே விற்று, கன்று பிழைத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தவணையாகக் கொடுக்கிறார்கள். தீயோ புயலோ வந்தால் ஈடுகட்ட, ஒரு பங்கை விற்காமல் ஒதுக்கியும் வைக்கிறார்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். மரம் குடை விரித்ததும் நிழலில் சோளம் விளையாது. வீட்டுக்குச் சோளம் வேண்டுமே! அதற்காக வேறொரு காட்டுத் துண்டை வெட்டினால், இங்கே சேர்த்த கார்பன் அங்கே போய்விடும். தவணைகள் முடிந்த பிறகும் மரத்தைக் காக்கும் பொறுப்பு நிலத்தோடு பிள்ளைகளுக்குப் போகிறது. பின்னால் கிடைக்கும் மரக்கட்டை அவர்களுடையதுதான். ஆனால் கார்பன் பணம் அப்பா காலத்திலேயே செலவாகியிருக்கும்.

அதனால் ஒப்பந்தம் கைக்கு வந்தால் டன் விலையைப் பார்க்குமுன் இரண்டு வருடங்களைத் தேடுங்கள்: கடைசித் தவணை வரும் வருடம், மரத்தைக் காக்கும் கடமை முடியும் வருடம்.