ஆசீர்வதித்திருக்கிறார்

கிறிஸ்துவுக்குள் அன்பான நேயர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

'ஆசீர்வதியும் ஆண்டவரே.' காலையில் எழுந்ததும் இப்படித்தான் ஜெபிக்கிறோம். சாப்பிட உட்காரும்போதும் படுக்கப் போகும்போதும் அதே ஜெபம்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் வேறு யாரிடம் போய்க் கேட்கும்? ஆனால் அப்போஸ்தலன் பவுல் எபேசு சபையாருக்குக் கடிதமாக எழுதிய நிருபத்தைத் திறந்தால், முதல் அதிகாரம் 3ஆம் வசனத்தில் அதே வினைச்சொல் வேறு காலத்தில் நிற்கிறது. 'அவர் கிறிஸ்துவுக்குள் உன்னதங்களிலே ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும் நம்மை ஆசீர்வதித்திருக்கிறார்.' இனிமேல் ஆசீர்வதிப்பார் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. காரியம் முடிந்துவிட்டது.

இதை எழுதும்போது பவுல் காவலில் இருக்கிறார். தன்னைக் கட்டுண்டவன் என்று 3ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். 6ஆம் அதிகாரத்தில் சங்கிலியைப் பற்றியே பேசுகிறார். அப்படி இருந்தும் நிருபம் ஸ்தோத்திரத்தோடு தொடங்குகிறது. 3 முதல் 14 வரையுள்ள 12 வசனங்களும் கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம். மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போகிறார்: நம்மைத் தெரிந்துகொண்டார், சுவிகாரபுத்திரராக, அதாவது தத்தெடுத்த பிள்ளைகளாக, முன்குறித்தார், பாவமன்னிப்பாகிய மீட்பு நமக்கு உண்டாயிருக்கிறது, பரிசுத்த ஆவியால் முத்திரை போடப்பட்டிருக்கிறோம்.

இவற்றில் எங்கேயாவது பணம் வருகிறதா? பதவி? சரீர சுகம்கூட இல்லை. இந்த வசனத்தைக் காட்டிச் செல்வத்தை வாக்குப்பண்ணுகிறவர்கள் 'ஆவிக்குரிய' என்ற ஒரு வார்த்தையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் நம்பி வருகிற ஏழை விசுவாசிதான் கடைசியில் 'எனக்கு விசுவாசம் போதவில்லை' என்று அழுதுகொண்டு போகிறார். சங்கிலி கழலாத நிலையிலேயே பவுல் எல்லா ஆசீர்வாதமும் பெற்றவராக இருந்தார் என்று அந்த விசுவாசிக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சரி, பெற்றாகிவிட்டது என்றால், அதை வைத்து எப்படி வாழ்வது? இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு வயதான அம்மா.

என் அப்பா இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அவரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்திருந்தபோதே அவர் போய்விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் முழங்கால்படியிட்டு, 'ஆண்டவரே, அந்தப் பேச்சை மன்னியும்' என்று கேட்பேன். ஒரு நாள் கூட்டம் முடிந்த பிறகு அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, 'எத்தனை வருஷமா கேக்குறீங்க தம்பி?' என்றார். ஒன்பது வருஷம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: 'அவர் முதல் நாளே குடுத்துட்டாரு. நீங்கதான் இன்னும் கைநீட்டி வாங்கிக்கலை.'

அன்று இரவும் முழங்கால்படியிட்டேன். பழக்கதோஷம், 'மன்னியும்' என்றுதான் வாயில் வந்தது. நிறுத்திவிட்டு, எபேசியர் 1:7ஐச் சத்தமாக வாசித்தேன். 'பாவமன்னிப்பாகிய மீட்பு இவருக்குள் நமக்கு உண்டாயிருக்கிறது.' 'உண்டாயிருக்கிறது' என்பதை மட்டும் இன்னொரு தடவை வாசித்தேன். மனதில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. பாரம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் கேட்பதை விட்டுவிட்டு, 'மன்னித்தீரே, ஸ்தோத்திரம்' என்று சொல்லி எழுந்தேன். உணர்வு அதற்குப் பின்னால், வெகு நாள் கழித்து, மெதுவாக வந்தது. முந்திக்கொண்டது விசுவாசம்.

2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தில் வரும் மேவிபோசேத்தை நான் அதற்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன். தாவீதின் உயிர் நண்பனான யோனத்தானின் மகன். ஐந்து வயதில், தூக்கிக்கொண்டு ஓடின தாதியின் கையிலிருந்து விழுந்து, இரண்டு காலும் முடமாகிப்போனவன். லோதேபார் என்ற ஊரில் இன்னொருவர் வீட்டில் இருக்கிறான். முந்தின ராஜாவான சவுலின் பேரன் என்பதால், புதிய ராஜாவான தாவீது தன்னை உயிரோடு விடுவாரா என்ற பயம் அவனுக்கு இருந்திருக்க வேண்டும். தாவீது அவனிடம் சொல்லும் முதல் ஆறுதலே 'நீ பயப்படாதே' என்பதுதான். ஆனால் யோனத்தானின் வீட்டாருக்குத் தயவு செய்வேன் என்று தாவீதுக்கும் யோனத்தானுக்கும் நடுவே உடன்படிக்கை ஆனது எப்போது? யோனத்தான் உயிரோடு இருந்தபோதே. தயவு அப்போதே மேவிபோசேத்தின் பேரில் எழுதப்பட்டுவிட்டது. அத்தனை வருஷமும் அந்த உடன்படிக்கைக்குள்ளேதான் அவன் பயந்துகொண்டிருந்தான்.

ராஜா அழைத்தபோது, 'செத்த நாயைப்போலிருக்கிற என்னை' என்கிறான். தாவீது அதற்கு வாதம் பண்ணவில்லை. நிலங்களைத் திருப்பிக் கொடுத்து, பந்தியில் ராஜகுமாரரில் ஒருவனைப்போல உட்காரவைத்தார். அந்த அதிகாரத்தின் கடைசி வரியை நீங்களே வாசித்துப் பாருங்கள். அவன் நித்தம் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டு, அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது என்று முடிகிறது. கால் சரியாகவில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்தபின் மேசைக்குக் கீழே இருக்கும் காலை யார் பார்க்கப்போகிறார்கள்?

உங்களில் சிலர் கேட்கலாம்: எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்றால் நாம் சும்மா இருக்கலாமா? இஸ்ரவேலரை வாக்குத்தத்த தேசத்துக்குள் நடத்திப்போன யோசுவாவிடம் கர்த்தர், 'உங்கள் காலடி மிதிக்கும் எவ்விடத்தையும் உங்களுக்குக் கொடுத்தேன்' என்றார். கொடுத்தேன் என்பது இறந்தகாலம். மிதிப்பது இனிமேல்தான். அவர்கள் கடக்கவேண்டியிருந்த யோர்தான் நதி, முன்னே போன ஆசாரியர்களின் கால் நனைகிறவரைக்கும் கரைபுரண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் தேசத்துக்குள் வந்தபிறகும் ஏழு கோத்திரத்தார் தங்கள் பங்கைச் சுதந்தரிக்காமலே இருந்தார்கள். 'எந்தமட்டும் அசதியாயிருப்பீர்கள்?' என்று யோசுவா கேட்கவேண்டியதாயிற்று. கோபம் வந்தால் அடக்கும் பலம் ஆவியானவரால் நமக்குள் இருக்கிறது. ஆனால் வாய்வரை வந்த சொல்லை விழுங்குகிற அந்த நொடியில்தான் நம் கால் அந்த மண்ணை மிதிக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். எபேசியர் முதல் அதிகாரத்திலேயே பவுல் அந்த விசுவாசிகளுக்காக ஜெபிக்கிறார். இன்னும் பல ஆசீர்வாதங்களை இவர்களுக்குத் தாரும் என்று அவர் கேட்கவில்லை. பிரகாசமுள்ள மனக்கண்களை அவர்களுக்குக் கொடுக்கும் என்று கேட்கிறார், கொடுக்கப்பட்டதை அவர்கள் பார்க்கும்படி. இன்று இரவு உங்களுக்காக அந்த ஜெபத்தைத்தான் செய்யப்போகிறேன். எனக்காகவும் அதையே செய்யுங்கள். வணக்கம்.